பனைக்குளத்து மஸ்தான்

டில்லித் தமிழர்களில் மந்திர் மார்க் பக்கம் போகாதவர் இருக்க முடியாது. பிர்லா மந்திர் இருக்கிறது, நம் தமிழ்ப் பள்ளியும் இருக்கிறது. அங்கிருந்து சில கிலோ மீட்டரில் பாராளுமன்றம். 1974 டிசம்பரில் அங்கே நிறைவேறிய ஒரு சட்டத்தின் முழுப் பெயரைச் சொன்னால் மூச்சு வாங்கும். 'காபிபோசா' என்றால் எல்லோருக்கும் தெரியும். கள்ளக் கடத்தல்காரர்களை விசாரணையின்றிக் காவலில் வைக்கும் சட்டம் அது. அப்போது நிதி அமைச்சர் பொள்ளாச்சிப் பக்கத்துத் தமிழரான சி. சுப்பிரமணியம். சட்டத்தில் சிக்கிய பெரும்புள்ளியும் ஒரு தமிழர்தான். அவர்தான் ஹாஜி மஸ்தான்.

ராமநாதபுரம் சீமையில் பனைக்குளம் என்ற கடலோர ஊரில் 1926இல் பிறந்தவர் மஸ்தான். பிழைப்புத் தேடிப் பம்பாய் சென்ற தகப்பனாருடன் சிறு பையனாகவே ரயிலேறினார். கிராபோர்டு மார்க்கெட் அருகே சைக்கிள் ரிப்பேர்க் கடை. பிறகு துறைமுகத்தில் கூலி வேலை. இதுவரை, பம்பாய்க்குப் போன எத்தனையோ தமிழர்களின் கதைதான்.

துறைமுகத்தில்தான் பாதை மாறியது. கப்பலில் வரும் கைக்கடிகாரம், டிரான்சிஸ்டர், தங்க பிஸ்கட் இவற்றைச் சுங்கத்தார் கண்ணில் படாமல் வெளியே சேர்த்தால், மூட்டை தூக்குவதைவிடப் பல மடங்கு கிடைத்தது. 1963இல் மொரார்ஜி தேசாய் தங்கக் கட்டுப்பாட்டைக் கொண்டுவந்து, 14 காரட்டுக்கு மேல் புதிய நகை செய்யக் கூடாது என்றார். கல்யாண வீட்டார் கேட்பார்களா? கடத்தல் தங்கத்துக்குக் கிராக்கி கூடியது. டாமன் நகரத்து பக்கியாவுடன் கூட்டுச் சேர்ந்திருந்த மஸ்தான், வெள்ளை உடை, மெர்சிடிஸ் கார், சினிமாப் படம் என்று வளர்ந்தார்.

சர்க்காருக்கு எல்லாம் தெரியும். ருசுப்பிக்கத்தான் முடியவில்லை. இந்தத் தொழிலில் சரக்கை இறக்குபவன் கூலியாள். முதலாளி அதைத் தொடுவதே இல்லை. படகும் பங்களாவும் வேறொருவர் பெயரில் இருக்கும். கூண்டேறிச் சாட்சி சொல்ல யார் வருவார்? ஆகவே சர்க்கார் கோர்ட்டையே சுற்றிக்கொண்டு போயிற்று. 1974 செப்டம்பர் 17 அன்று கடத்தல்காரர்களையும் பிடிக்கும்படி மிசா சட்டம் அவசரமாகத் திருத்தப்பட்டது. அதே தேதியில் மஸ்தான் மீது காவல் உத்தரவு. டிசம்பர் 19 அன்று காபிபோசா அமலுக்கு வந்ததும் உத்தரவு அதன் கீழ் மாற்றப்பட்டது. குற்றப் பத்திரிகையும் இல்லை, தீர்ப்பும் இல்லை. சிறை மட்டும் இருந்தது.

அடுத்த ஆண்டு நெருக்கடி நிலை வந்தது. விசாரணையில்லாக் காவல் அரசியல் தலைவர்களையும் விடவில்லை. தங்கக் கட்டுப்பாடு போட்ட மொரார்ஜியே உள்ளே போனார். 1977இல் அவர் பிரதமரானார், மஸ்தானும் விடுதலையானார். இனிக் கடத்தல் தொழில் வேண்டாம் என்று ஜெயப்பிரகாஷ் நாராயணன் முன்னிலையில் உறுதி கூறினார்.

ஆனால் சொத்து வழக்கு முடியவில்லை. காபிபோசாவில் காவலில் இருந்தவர்களின் தகாத வழிச் சொத்தைப் பறிக்க 1976இல் இன்னொரு சட்டம் வந்திருந்தது. அதன்படி மஸ்தானுக்கு நோட்டீஸ் போனது. அங்கேதான் அவருடைய வக்கீல்கள் பிடித்தார்கள். காவல் உத்தரவே செல்லாதென்றால் நோட்டீசும் செல்லாது அல்லவா? உத்தரவுக்கு ஆதாரமான தஸ்தாவேஜுகளின் நகல்களைக் கைதிக்குக் கொடுக்கவில்லை என்பதே வாதம். வழக்கு டில்லி சுப்ரீம் கோர்ட் வரை வந்தது. 1984இல் மத்திய சர்க்கார் தோற்றது. மஸ்தான் கடத்தினாரா இல்லையா என்று கோர்ட் ஆராயவே இல்லை. ஆபீஸில் நகல் எடுத்து இணைக்கும் குமாஸ்தாவுக்கு அதன் அருமை புரியும்!

அதன்பின் அவர் கட்சி தொடங்கி, தலித், முஸ்லிம் மக்களின் தலைவராக மேடை ஏறினார். தேர்தலில் செல்வாக்கு எடுபடவில்லை. 1990இல் தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை சர்க்காரே ரத்து செய்துவிட்டது. 1994இல் மஸ்தான் பம்பாயில் காலமானார்.