மளிகைக் கடையிலிருந்து மக்கள் சபை வரை

நம்மில் பௌதிகம் பயில்வோர் அனைவரும் சாகாவின் சமன்பாட்டை அறிவோம். விண்மீனின் ஒளியைப் பகுத்துப் பார்த்து, அதன் வெப்பநிலையைக் கணக்கிட வழி காட்டிய சமன்பாடு அது. பரீட்சைக்காக அதனை நாலைந்து முறை எழுதிப் பார்த்துவிட்டு நோட்டை மூடி விடுகிறோம். ஆனால் அதனை ஆக்கியவர் தம் ஐம்பத்தெட்டாம் வயதில் தேர்தலில் நின்று மக்களிடம் வாக்குக் கேட்டார் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? ஆய்வுக்கூடத்தில் இருக்க வேண்டியவர் ஏன் தேர்தல் களத்திற்கு வந்தார்? அதற்கு விடை அவருடைய இளமையில் இருக்கிறது.

மேகநாத் சாகா 1893 அக்டோபர் 6ஆம் நாள் டாக்காவுக்கு அருகே சியோரத்தலி என்னும் சிற்றூரில் பிறந்தார். அவ்வூர் இன்று வங்காள தேசத்தில் இருக்கிறது. தந்தை சிறு மளிகைக் கடை வைத்திருந்தார். பிள்ளைகளோ எட்டுப் பேர், மேகநாத் ஐந்தாமவர். பையன் கடையில் அமர்ந்து தராசு பிடித்தால் போதும் என்றிருந்த குடும்பம். ஊர்ப்பள்ளியைத் தாண்டிப் படிக்க வேண்டுமானால் ஏழு மைலுக்கு அப்பால் சிமுலியாவுக்குப் போக வேண்டும். அங்கே அனந்தகுமார் தாஸ் என்ற மருத்துவர் தம் வீட்டில் இடமும் சோறும் தந்தார். சணல் ஆலையில் வேலை பார்த்த அண்ணன் ஜெயநாத் தம் சிறு சம்பளத்திலிருந்து பணம் அனுப்பினார்.

1905இல் டாக்காவில் சர்க்கார் பள்ளியில் சம்பளமில்லாத இடமும் உபகாரச் சம்பளமும் கிடைத்தன. அதே ஆண்டில் கர்சன் பிரபு வங்காளத்தைத் துண்டாடினார். பள்ளிக்கு வந்த கவர்னரை எதிர்த்த மாணவர்களோடு பன்னிரண்டு வயதுச் சாகாவும் சேர்ந்துகொண்டார். இடமும் போயிற்று, உதவித் தொகையும் போயிற்று! வேறொரு தனியார் பள்ளி சேர்த்துக்கொண்டிராவிட்டால் அந்த அறிவுச் சுடர் அன்றே அணைந்திருக்கும். 1909இல் நுழைவுத் தேர்வில் கிழக்கு வங்க மாணவர்களில் அவர் முதல்வராக வந்தார்.

1911இல் கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியில் சேர்ந்தார். ஜகதீச சந்திர போசும் பிரபுல்ல சந்திர ரேயும் ஆசிரியர்கள். சத்யேந்திரநாத் போஸ் வகுப்புத் தோழர். விடுதியிலோ, கூட உட்கார்ந்து உண்ண மறுத்தனர் மேல்சாதி மாணவர் சிலர். அந்த வடு அவர் நெஞ்சில் கடைசி வரை இருந்தது.

கல்கத்தாப் பல்கலைக் கழகத்தில் அசுதோஷ் முகர்ஜி விஞ்ஞானக் கல்லூரியைத் தொடங்கியபோது, சாகாவும் போசும் 1916இல் அங்கே ஆசிரியர்களாயினர். நான்கே ஆண்டுகளில், 1920இல், உலகம் வியந்த அந்தச் சமன்பாடு பிறந்தது. அதனைச் சோதித்துப் பார்க்கத் தக்க கருவிகள் அவர் கையில் இல்லை. லண்டனுக்கும் பெர்லினுக்கும் சென்று பிறருடைய ஆய்வுக்கூடங்களின் கதவைத் தட்ட வேண்டியிருந்தது. மூளைக்கு நாட்டில் பஞ்சமில்லை; கருவிக்குத்தான் பஞ்சம் என்பதை அவர் அனுபவத்தில் கண்டார்.

1923 முதல் பதினைந்து ஆண்டுகள் அலகாபாத்தில் பேராசிரியர். 1927இல் லண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக ஏற்றது. 1938இல் கல்கத்தா திரும்பினார். 1940இல் அங்கே எம்.எஸ்ஸி. பாடத்தில் அணுக்கருப் பௌதிகத்தைச் சேர்த்தார். 1950இல் அவர் முயற்சியால் திறக்கப்பட்ட அணுக்கருப் பௌதிக நிலையத்தையும் பல்கலைக் கழகத்தோடு இணைத்தே வைத்தார். ஆராய்ச்சி ஓரிடம், மாணவர் வேறிடம் என்று பிரிந்தால் இரண்டும் வற்றிப் போகும் என்பது அவர் கொள்கை.

1948இல் சர்க்கார் டாக்டர் ராதாகிருஷ்ணன் தலைமையில் பல்கலைக் கழகக் கல்விக் குழுவை அமைத்தது. சாகாவும், சென்னைப் பல்கலைக் கழகத் துணைவேந்தர் லட்சுமணசாமி முதலியாரும் அதில் உறுப்பினர்கள். பல்கலைக் கழகங்களுக்கு மானியம் பங்கிட்டளிக்கத் தகுந்த ஒரு குழு வேண்டும் என்பது 1949இல் வந்த அறிக்கையின் பரிந்துரைகளில் ஒன்று. ஆனால், அறிக்கை எழுதினால் மட்டும் பணம் வந்துவிடுமா? பணத்தை ஒதுக்கும் இடம் பாராளுமன்றம் அல்லவா?

1952 பொதுத் தேர்தலில் வடமேற்குக் கல்கத்தாவில் வேட்பாளராக நின்றார். இடதுசாரிகளின் ஆதரவு இருந்தது. ஆயினும் எந்தக் கட்சிக்கும் அவர் கட்டுப்படவில்லை. கல்வி, தொழில் வளர்ச்சி, மக்கள் நலம், ஆற்றுத் திட்டங்கள் ஆகியவற்றைத் திட்டமிட்டு நடத்த வேண்டும் என்பதே அவர் குறிக்கோள். கையில் பணமில்லை. வெப்பவியல் பற்றி அவர் எழுதிய பாடநூலை வெளியிட்டவர்களுக்குக் கடிதம் எழுதி, 5,000 ரூபாய் முன்பணம் கேட்டார். பாடநூல் பணத்தில் தேர்தலில் நின்ற வேட்பாளர் இவரைப்போல் வேறு யார்? காங்கிரஸ் வேட்பாளரைத் தோற்கடித்து மக்கள் சபைக்குச் சென்றார்.

சபையில் கல்வி, அகதிகள் வாழ்வு, வெள்ளத் தடுப்பு, அணுசக்தி ஆகியவை பற்றி ஓயாது பேசினார். அணுசக்தித் துறை பெருக வேண்டுமானால் முதலில் பல்கலைக் கழகங்களில் ஆட்களைப் பயிற்ற வேண்டும் என்பது அவர் வாதம். பதவியிலிருந்த பழைய நண்பர்களும் அதனை விரும்பவில்லை. அவர் பொருட்படுத்தவில்லை.

1956 பிப்ரவரி 16ஆம் நாள், டெல்லியில் திட்டக் குழு அலுவலகத்தை நோக்கிச் செல்லும் வழியிலேயே மாரடைப்பால் வீழ்ந்து உயிர் நீத்தார். அதே ஆண்டு நவம்பரில் பல்கலைக் கழக மானியக் குழுச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதனைக் காண அவர் இல்லை.

தோழர்களே, இதனை நான் எழுதக் காரணம் உண்டு. நானும் உபகாரச் சம்பளத்தில் படிப்பவன். சென்ற ஆண்டு அது மூன்று மாதம் வராமல் நின்றது. மெஸ் பாக்கிக்கு ஊரிலிருந்து அண்ணன்தான் பணம் அனுப்பினார். அப்போதுதான் ஜெயநாத்தின் அருமை எனக்குத் தெரிந்தது. எல்லோருக்கும் அண்ணன் உண்டா? எல்லோருக்கும் ஒரு மருத்துவர் வீடு கிடைக்குமா? கிடைக்காதவனுக்குச் சர்க்கார்தான் அண்ணன்.

நமக்கு வாக்கு ஊரில், படிப்பு இங்கே. ஆகவே நம்மிடம் வாக்குக் கேட்டு வருவோர் குறைவு. ஆயினும் அடுத்த தேர்தலுக்கு ஊருக்குப் போகும்போது, வாசலுக்கு வரும் வேட்பாளரிடம் மூன்று கேள்விகள் கேட்போம். ஏழை மாணவனுக்கு எத்தனை இடம்? உதவித் தொகை எந்தத் தேதியில்? ஆய்வுக்கூடத்திற்கு எவ்வளவு பணம்? பதில் சொல்லத் தடுமாறினால், மளிகைக் கடைக்காரர் மகன் ஒருவரின் கதையை அவருக்குச் சொல்வோம்.