பஞ்சத்துப் பொங்கல்

பெங்களூரில் படிக்க வந்திருக்கும் நம் நண்பர்கள் பலரும் அல்சூர் ஏரிப் பக்கம் ஆர்.பி.ஏ.என்.எம். என்ற எழுத்துகளைக் கண்டிருப்பார்கள். அந்த எழுத்துகளுக்குள் ஒரு தமிழரின் பெயர் அடங்கிக் கிடக்கிறது. அவர்தாம் ராய் பகதூர் ஆர்க்காடு நாராயணசாமி முதலியார். பொங்கல் மலருக்கு ஒருவருடைய வரலாற்றை எழுதித் தருமாறு சங்கத்தார் கேட்டபோது, எனக்கு முதலில் நினைவுக்கு வந்தவர் அவரே.

முதலியார் 1827-இல் பிறந்தார். வறுமையில் வளர்ந்து, பெங்களூரில் வணிகத்தாலும் ஒப்பந்த வேலைகளாலும் உயர்ந்தார். இன்று கர்நாடக உயர் நீதிமன்றமாக விளங்கும் செந்நிற அட்டாரா கச்சேரி அவர் ஒப்பந்தம் எடுத்துக் கட்டியது என்பர். அது 1868-இல் முடிந்தது. பதினெட்டு அரசுப் பிரிவுகளுக்காகக் கட்டியதால் அதற்கு அந்தப் பெயர். விதான சௌதாவைப் பார்க்கப் போகிறவர்கள் எதிரே இருக்கும் இதையும் சற்று நின்று பார்க்கலாம்.

அக்கட்டடம் எழுந்து பத்தாண்டுகள் ஆகுமுன் தாது வருடப் பஞ்சம் வந்தது. 1875-இல் மழை குறைந்தது. 1876-இல் பொய்த்தே போனது. மைசூர் நாட்டில் கேழ்வரகு கருகியது. தமிழ்நாட்டில் நெல் கருகியது. 1871-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் மைசூர் நாட்டு மக்கள் சுமார் 50 லட்சம் பேர். 1881-இல் எண்ணிப் பார்த்தபோது 42 லட்சம்கூடத் தேறவில்லை.

தானியமே இல்லாமல் போய்விட்டது என்று எண்ணிவிடக் கூடாது. சென்னைத் துறைமுகத்தில் இறங்கிய மூட்டைகள் சோலையார்பேட்டை வழியாக ரயிலில் பெங்களூர் வந்துகொண்டுதான் இருந்தன. ஆனால் இருப்புப் பாதை அன்று பெங்களூரோடு நின்றுவிட்டது. மைசூர் வரை அது போனது 1882-இல்தான். அதற்கப்பால் மூட்டையை மாட்டு வண்டிதான் சுமக்க வேண்டும். மாடுகளோ தீவனமின்றிச் செத்துக்கொண்டிருந்தன. விலை ஏறியது, ஏழையின் கைக்கு எட்டவில்லை. சோறு ஊருக்கு வராததால் ஊர்கள் சோற்றைத் தேடிப் பெங்களூருக்கு வந்தன.

1877-ஆம் ஆண்டுத் தைப்பொங்கலை எண்ணிப் பாருங்கள்! அதற்கு இரண்டு வாரம் முன்னர்தான், விக்டோரியா அரசியாரை இந்தியாவின் பேரரசி என்று முழங்க டில்லியில் தர்பார் கூடி விருந்து நடந்தது. இங்கே புதுப்பானைக்குப் புத்தரிசி இல்லை. மாட்டுப் பொங்கலுக்கு மாடு இல்லை. நிவாரண வேலைக்கு வந்தவருக்கு நாள் ஒன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சிறிது காசும் போதும் என்று ரிச்சர்ட் டெம்பிள் துரை அந்த மாதத்தில் வகுத்தார். ஒரு பவுண்டு என்பது அரைக் கிலோவுக்கும் குறைவு. அதை வாங்கிக்கொண்டு பகல் முழுதும் மண் சுமக்க வேண்டும். சென்னையில் நாம் காணும் பக்கிங்காம் கால்வாயின் ஒரு பகுதியும் அப்படித்தான் தோண்டப்பட்டது.

பஞ்சக் காலத்தில் வணிகருக்கு வழிகள் இரண்டு. மூட்டையை அடுக்கிப் பூட்டி வைத்து நாளைய விலைக்குக் காத்திருக்கலாம். பலர் அதைத்தான் செய்தார்கள். முதலியார் மற்ற வழியை எடுத்தார். தம் செல்வத்தைக் கொண்டு பசித்து வந்தவர்க்குச் சோறிட்டார். பசி இன்னதென்று இளமையிலேயே அறிந்தவர் அல்லரோ! வாழ்ந்து உயர்ந்த பின் பழைய வறுமையை மறைக்கப் பார்ப்பவரே மிகுதி. இவருக்கோ தம் வீட்டில் இருந்தது எவ்வளவு என்பதை அந்த வறுமையே எண்ணிக் காட்டியிருக்க வேண்டும். இது என் கருத்து, மறுப்பவர் மறுக்கலாம்.

இக்கருத்து எனக்கு ஏட்டிலிருந்து வந்ததன்று. என் ஊர் திருநெல்வேலிப் பக்கம். 2023 டிசம்பரில் தென் மாவட்டங்களில் பெருமழை கொட்டியது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. பெய்தது, தாமிரபரணி கரைபுரண்டது. எங்கள் தெரு மேட்டில் இருந்ததால் தப்பியது. பொங்கல் விடுமுறைக்கு வீடு சென்றபோது அத்தை, நம் வீட்டுக்குள் தண்ணீர் வரவில்லையே என்று கடவுளுக்கு நன்றி சொல்லிக்கொண்டே இருந்தார். அம்மா மறுமொழி சொல்லவில்லை. இரண்டாவது பானையை அடுப்பில் ஏற்றினார். அந்தப் பானையையும் போர்வைகளையும் அரிசியையும் ஏற்றிக்கொண்டு நாங்கள் ஏரல் பக்கம் போனோம். ஒரு வீட்டுச் சுவரில் வெள்ளம் நின்ற கோடு என் தலைக்கு மேலே இருந்தது. அவ்வீட்டுப் பாட்டி பொங்கலை வாங்கிக்கொண்டு, எங்கள் வீட்டில் பொங்கிவிட்டதா, நாங்கள் சாப்பிட்டோமா என்று விசாரித்தார். அத்தை அதன்பின் நன்றி சொல்லவில்லை. இலை போட்டுப் பரிமாறத் தொடங்கினார்.

முதலியாரிடம் திரும்புவோம். சோறு ஒரு வேளைக்குத்தான் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. பஞ்சத்துக்கு முன்பே, 1873-இல், ஏழைப் பிள்ளைகளுக்கென்று சம்பளமில்லாப் பள்ளி ஒன்றை அவர் தொடங்கியிருந்தார். பின்னர்ப் பெண்களுக்கும், தீண்டத்தகாதவர் என்று ஊரார் ஒதுக்கி வைத்திருந்த பிள்ளைகளுக்கும் பள்ளிகள் திறந்தார். அக்காலத்தில் பின்னதற்குப் பணம் மட்டும் போதாது, நெஞ்சுரமும் வேண்டும். சோறிட்டவரை ஊரே வாழ்த்தும். இதைச் செய்தவரை அவ்வூரே முணுமுணுக்கும். சோறிட்டதைவிட இதையே நான் பெரிதென மதிக்கிறேன்.

ஆங்கில அரசு ராய் பகதூர் என்றது. மைசூர் அரசு தர்ம ரத்நாகர என்றது. முதலியார் 1910-இல் மறைந்தார். பள்ளிகள் மறையவில்லை, அவர் அமைத்த அறக்கட்டளை அவற்றை நடத்துகிறது. தமிழ் பேசும் பிள்ளையும் கன்னடம் பேசும் பிள்ளையும் ஒரே மணியோசைக்கு அங்கே வகுப்புக்குள் ஓடுகிறார்கள்.