வெற்றியும் விளையாட்டறமும்: டக்ளஸ் ஜார்டின் வாழ்வு காட்டும் பாடம்

ஒரு நாட்டு மக்களின் இயல்பை அவர்கள் ஆடும் ஆட்டத்தில் காணலாம் என்று கூறுவோர் பலர். ஆடுகளத்தில் ஒருவர் சினந்தால் அச்சினத்தை அவர் பிறந்த மண்ணுக்கே உரியதாக்கி விடுகின்றோம். ஒருவர் பொறுத்தால் அப்பொறுமையையும் அந்நாட்டின் கணக்கிலேயே எழுதி வைக்கின்றோம். இக்கூற்று எந்த அளவிற்குப் பொருந்தும் என எண்ணிப் பார்ப்பதற்கு, இங்கிலாந்து கிரிக்கெட் அணியின் தலைவராக விளங்கிய டக்ளஸ் ஜார்டினின் வாழ்வு தக்கதொரு சான்றாகும்.

ஜார்டின் 1900ஆம் ஆண்டு அக்டோபர் 23ஆம் நாள் பம்பாய் மலபார் ஹில் பகுதியில், ஸ்காட்லாந்து மரபினரான பெற்றோருக்கு மகனாகப் பிறந்தார். தந்தை மால்கம் ஜார்டின் பம்பாயில் புகழ்பெற்ற வழக்கறிஞர். ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக அணிக்காக ஆடியவர். ஒன்பது வயதிலேயே பெற்றோரைப் பிரிந்து ஸ்காட்லாந்திலுள்ள உறவினர் இல்லம் சேர்ந்த சிறுவன், பின்னர் வின்செஸ்டர் பள்ளியிலும் ஆக்ஸ்போர்டிலும் பயின்றான். இளமைத் தனிமை அவருக்கு மனவுறுதியையும், பிறரோடு எளிதில் ஒட்டாத இயல்பையும் ஒருங்கே தந்தது போலும்.

1928இல் டெஸ்ட் ஆட்டத்தில் அடியெடுத்து வைத்த அவர், அவ்வாண்டின் இறுதியில் ஆஸ்திரேலியா சென்றார். அவர் அணிந்த பலவண்ணத் தொப்பியும் நிமிர்ந்த நடையும் அங்கிருந்த பார்வையாளருக்குச் செருக்காகத் தோன்றின, எள்ளி நகையாடினர். அவரும் அவர்களை வெறுத்தார். அவ்வெறுப்பு ஆறாத புண்ணாயிற்று.

1930இல் ஆஸ்திரேலிய வீரர் டான் பிராட்மன் இங்கிலாந்து மண்ணில் ஐந்து டெஸ்டுகளில் 974 ஓட்டங்கள் குவித்தார். அவரை அடக்க வழி தேடிய ஜார்டின், 1932-33ஆம் ஆண்டுப் பயணத்திற்குத் தலைவரானதும் புதியதொரு வியூகத்தை வகுத்தார். ஹரால்ட் லார்வுட் போன்ற கடுவேகப் பந்துவீச்சாளர்கள் மட்டையாளரின் உடலை நோக்கிப் பந்தை எகிறவிட, கால்பக்கத்தில் தடுப்பாளர் பலர் நெருங்கி நிற்பர். மட்டையால் தடுத்தால் பந்து அவர்கள் கையில் சிக்கும். தடுக்காவிடில் உடலில் படும். தலைக்கவசம் இல்லாத காலம் அது. இம்முறைக்குப் பாடிலைன் எனப் பெயர் வழங்கலாயிற்று. ஆட்ட விதி எதனையும் அது மீறவில்லை என்பதே இங்கு நாம் கருத வேண்டியதாகும்.

1933 சனவரியில் அடிலெய்டில் நடந்த மூன்றாம் டெஸ்டில் ஆஸ்திரேலிய அணித்தலைவர் உட்புல்லின் மார்பில் லார்வுட்டின் பந்து பாய்ந்தது. அவர் துடித்து எழுந்த சிறிது நேரத்திலேயே ஜார்டின் தடுப்பாளரைக் கால்பக்கம் மாற்றி நிறுத்தினார். பார்வையாளர் கொதித்தனர். பின்னர் ஓல்ட்பீல்டின் மண்டையோடு பிளந்தது. அப்பந்து வீசப்பட்டபோது அவ்வியூகம் அமைக்கப்பட்டிருக்கவில்லை எனினும் பழி அதன் மேலேயே விழுந்தது. ஆஸ்திரேலியக் கிரிக்கெட் வாரியம் இங்கிலாந்தின் ஆட்டத்தை விளையாட்டுப் பண்பற்றது எனத் தந்தி வழியே சாடியது. அச்சொல்லைத் திரும்பப் பெறாவிடில் ஆட்டம் தொடராது என்னும் நிலை தோன்ற, வாரியம் பின்வாங்கியது. தொடரை 4-1 என இங்கிலாந்து வென்றது.

இங்கிலாந்தார் இரக்கமற்றவர் என்று முடிவு கட்ட இது போதுமா? அதே அணியில் இருந்த கப்பி ஆலன் என்னும் வேகப்பந்து வீச்சாளர் அவ்வாறு பந்துவீச மறுத்தார். பட்டோடி நவாப் இப்திகார் அலிகான் சிட்னியில் தம் முதல் டெஸ்டிலேயே 102 ஓட்டங்கள் எடுத்தவர். கால்பக்க வியூகத்தில் நிற்க மறுத்தார். இரண்டாம் டெஸ்டிற்குப் பின் அத்தொடரில் அவருக்கு இடமில்லை. அவரே 1946இல் இந்திய அணித்தலைவராக இங்கிலாந்து சென்றார். ஆஸ்திரேலியத் தரப்பிலோ, அடிபட்ட உட்புல் அதே முறையில் பழிதீர்க்க இசையவில்லை. ஒரே உடைமாற்றும் அறையில் பகையும் இருந்தது; மனச்சான்றும் இருந்தது.

ஜார்டினிடம் கோழைத்தனம் இருந்ததில்லை. 1933இல் மேற்கிந்தியத் தீவுகளின் கான்ஸ்டன்டைனும் மார்ட்டின்டேலும் அதே முறையில் அவர்மீது பந்துவீசினர். முறையிடாது நின்று 127 ஓட்டங்கள் எடுத்தார்; டெஸ்டில் அவர் அடித்த ஒரே சதம் அதுவே. பின்னர் தாம் பிறந்த இந்தியாவிற்கு அணியுடன் வந்தார். இந்திய மண்ணின் முதல் டெஸ்ட் 1933 டிசம்பரில் பம்பாயில் நடந்தது. 1934 பிப்ரவரியில் சென்னைச் சேப்பாக்கத்தில் 202 ஓட்டங்களில் வென்ற ஆட்டமே அவருடைய இறுதி டெஸ்ட்.

வென்று தந்த தலைவரை நாடு நெடுநாள் போற்றவில்லை. தன் மண்ணிலும் அம்முறை கையாளப்பட்டதைக் கண்டபின் இங்கிலாந்து கிரிக்கெட் உலகம் மனம் மாறியது. உடலைக் குறிவைக்கும் பந்துவீச்சு 1934இல் முறையற்றதென அறிவிக்கப்பட்டது. ஆஸ்திரேலியாவுக்கு எதிராக ஆடுவதில்லை என ஜார்டின் விலகினார். சுரங்கத் தொழிலாளியாக இருந்து உயர்ந்த லார்வுட்டை மன்னிப்புக் கேட்கச் சொன்னார்கள். தலைவர் இட்ட பணியைச் செய்த தாம் எதற்காகக் கேட்பது என மறுத்த அவர், அதன்பின் இங்கிலாந்துக்காக ஆடவேயில்லை. 1950இல் அவர் குடும்பத்துடன் குடியேறிய நாடு எது தெரியுமா? தம்மைத் தூற்றிய அதே ஆஸ்திரேலியா! அம்மக்கள் அவரை அன்புடன் ஏற்றனர். 1995இல் அம்மண்ணிலேயே அவர் மறைந்தார்.

ஜார்டின் இரண்டாம் உலகப் போரில் படைப்பணி புரிந்து டன்கர்க்கிலிருந்து மீண்டவர். நோயுற்று 1958 சூன் 18ஆம் நாள் சுவிட்சர்லாந்தில் மறைந்தார். அவருடைய சாம்பல் ஸ்காட்லாந்து மலைப்பகுதியில் தூவப்பட்டது.

மாணவச் செல்வங்களே! மறம் வேறு, அறம் வேறு எனப் பிரித்துணரக் கற்ற மொழி நம் மொழி. ஜார்டினிடம் மறம் நிறைந்திருந்தது. வெல்லும் வேட்கையில் அறத்தை விதிப்புத்தகத்தின் எல்லையோடு நிறுத்திக்கொண்டார். அது அவருடைய குறையேயன்றி ஓர் இனத்தின் குறையன்று. தூற்றிய ஆஸ்திரேலியர் லார்வுட்டை அரவணைத்தனர். வாழ்த்திய இங்கிலாந்தார் அவரைக் கைவிட்டனர். எனின், எது நாட்டின் இயல்பு? ஆடுகளத்துச் சினத்தைக் கண்டு ஒரு நாட்டையோ இனத்தையோ எடைபோட நா எழும்போதெல்லாம், கால்பக்கம் செல்ல மறுத்து நின்ற அந்த ஒரு வீரரை நினைவில் கொள்வோமாக.