கதவைப் பூட்டினார்கள், போதகர் போகவில்லை!

இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் என்று ஓர் ஊர் இருக்கிறது. பெரிய பல்கலைக்கழகம் உள்ள ஊர். அந்த ஊரில் ஒரே தேவாலயத்தில் 54 வருஷம் போதகராக இருந்தார் ஒருவர். அவர் பெயர் சார்லஸ் சிமியோன்.

முதல் 12 வருஷமும் அவரை விரட்டப் பார்த்தார்கள். ஆசனங்களுக்குப் பூட்டுப் போட்டார்கள். தேவாலயத்தின் கதவையே பூட்டினார்கள். மாணவர்கள் அழுகிய முட்டைகளை வீசினார்கள்.

அவர் இறந்தபோது என்ன நடந்தது தெரியுமா? சந்தை நாளாக இருந்தும் கடைகளை மூடினார்கள். கல்லூரிகளில் பாடங்களை நிறுத்தினார்கள்!

இவ்வளவு பெரிய மாறுதல் எப்படி வந்தது?

செல்வர் வீட்டுப் பிள்ளை

சிமியோன் 1759-ம் ஆண்டு செப்டம்பர் 24-ந் தேதி ரெடிங் என்ற ஊரில் பிறந்தார். தகப்பனார் வசதி படைத்தவர். மகனை ஈட்டன் என்ற பெரிய பள்ளிக்கூடத்தில் சேர்த்தார்.

பையன் நல்ல விளையாட்டுக்காரன். நாற்காலிகளை வரிசையாக வைத்து ஒரே தாவில் தாண்டுவான். குதிரை என்றால் உயிர். உடையில் மிகவும் மோகம். கோபமும் அதிகம்.

1779-ம் ஆண்டு ஜனவரியில், 19-வது வயதில், கேம்பிரிட்ஜில் உள்ள கிங்ஸ் கல்லூரிக்கு வந்தார். வந்த சில நாட்களிலேயே கல்லூரியில் இருந்து ஒரு தகவல் வந்தது. இன்னும் மூன்று வாரத்தில் கல்லூரி ஆலயத்தில் திருவிருந்து நடக்கும். மாணவர்கள் அனைவரும் கலந்துகொள்ளவேண்டும். இதுதான் அந்தத் தகவல்.

மற்ற மாணவர்களுக்கு இது வெறும் சடங்கு. சிமியோனுக்கோ பயம் பிடித்துக்கொண்டது. இத்தனை தப்புகளைச் செய்துவிட்டு எந்த முகத்தோடு திருவிருந்தில் உட்காருவது என்று கலங்கினார். பட்டினி கிடந்தார். பக்தி நூல்களைத் தேடிப் படித்தார். உடம்பு கெட்டதே தவிர, மனம் ஆறவில்லை.

ஈஸ்டருக்கு முந்திய வாரம் ஒரு புத்தகத்தில் ஒரு செய்தி கண்ணில் பட்டது. பழங்கால யூதர்கள் தங்கள் பாவத்தைப் பலியின் தலைமேல் சுமத்துவார்கள் என்ற செய்தி. அதைப் படித்ததும் அவர் மனதில் வெளிச்சம் பிறந்தது. தன் பாவத்தையும் இயேசுவின்மேல் வைத்துவிடலாம் என்று தெளிந்தார். ஏப்ரல் 4-ந் தேதி, ஈஸ்டர் ஞாயிறு காலை, மனம் நிறைந்த மகிழ்ச்சியோடு எழுந்தார்.

ஆனால் அந்த மகிழ்ச்சியைப் பகிர்ந்துகொள்ள ஆள் இல்லை. அவர்போல் நினைக்கும் ஒருவரைக்கூட மூன்று வருஷமாக அவர் சந்திக்கவில்லை. பின்னாளில் மாணவர்களுக்காக அவர் தன் அறையைத் திறந்து வைத்ததற்கு இந்தத் தனிமையும் ஒரு காரணம்.

ஊர் கேட்டவர் வேறு!

1782-ம் ஆண்டு சிமியோன் குருப்பட்டம் பெற்றார். அந்தக் கோடை விடுமுறையில், வெளியூர் போயிருந்த ஒரு போதகருக்குப் பதிலாகப் பிரசங்கம் செய்தார். சில வாரங்களில் ஆலயம் நிரம்பி வழிந்தது. பழைய போதகர் ஊர் திரும்பியபோது, ஆலயச் சிப்பந்தி ஓடிவந்து வரவேற்றார். இனிமேலாவது உட்கார இடம் கிடைக்கும் என்பது அவருக்கு மகிழ்ச்சி!

அதே ஆண்டு இலையுதிர் காலத்தில், ஊர் நடுவே உள்ள டிரினிட்டி தேவாலயத்தின் போதகர் காலமானார். அந்த வழியாகப் போகும்போதெல்லாம், இந்த ஆலயம் தனக்குக் கிடைக்காதா என்று சிமியோன் ஏங்கியது உண்டு. தகப்பனார் பிஷப்புக்குக் கடிதம் எழுதினார். பிஷப் சிமியோனை நியமித்தார்.

சபை மக்களுக்குக் கோபம் வந்தது. உதவிப் போதகராக இருந்த ஹேமண்டையே அவர்கள் கேட்டிருந்தார்கள். ஊர் வேண்டாம் என்றால் விலகிவிடலாம் என்று சிமியோன் முதலில் எண்ணினார். ஆனால் அவர் விலகினாலும் ஹேமண்டுக்கு அந்த வேலையைக் கொடுப்பதில்லை என்று பிஷப் உறுதியாக இருந்தார். ஆகவே சிமியோன் பொறுப்பை ஏற்றார். அப்போது அவருக்கு வயது 23.

பூட்டு மேல் பூட்டு

அந்தக் காலத்து இங்கிலாந்து தேவாலயங்களில், குடும்பத்துக்கு ஒன்றாக ஆசனங்கள் இருக்கும். மரத்தடுப்பும் சிறு கதவும் வைத்திருப்பார்கள். டிரினிட்டி சபையார் அந்தக் கதவுகளைப் பூட்டிவிட்டார்கள். தாங்களும் வருவதில்லை; பிறரை உட்கார விடுவதும் இல்லை. பிரசங்கம் கேட்க வந்தவர்கள் நடைபாதையில் நின்றார்கள்.

சிமியோன் தன் கைப்பணத்தில் பெஞ்சுகள் வாங்கிப் போட்டார். ஆலய நிர்வாகிகள் அவற்றைத் தூக்கி வெளியே எறிந்தார்கள்.

ஞாயிறு மாலையில் ஓர் ஆராதனை தொடங்கினார். நிர்வாகிகள் ஆலயக் கதவையே பூட்டினார்கள். வந்த கூட்டம் தெருவில் நின்றது. ஒருமுறை பூட்டுக்காரரை அழைத்துவந்து கதவைத் திறந்தார், சிமியோன். பிறகு யோசித்தார். இப்படிச் செய்தால் சண்டைதான் வளரும் என்று அந்த ஆராதனையை அப்போதைக்கு விட்டுவிட்டார்.

ஞாயிறு பிற்பகலில் பேச இன்னொரு பிரசங்கியார் பதவி உண்டு. அவரைத் தேர்ந்தெடுப்பது சபையாரின் உரிமை. அதை அவர்கள் ஹேமண்டுக்குக் கொடுத்தார்கள். அவர் 5 வருஷம் இருந்தார். பிறகு இன்னொருவர் 7 வருஷம் இருந்தார். சொந்த ஆலயத்தில் பிற்பகல் பிரசங்கம் செய்ய சிமியோன் 12 வருஷம் காத்திருந்தார். 1794-ல்தான் சபையார் அவரைத் தேர்ந்தெடுத்தார்கள்.

மாணவர்களின் கலாட்டா

சபையார் பூட்டினார்கள், மாணவர்கள் கூச்சல் போட்டார்கள். ஆராதனை நடக்கும்போது உள்ளே வந்து கேலி செய்வார்கள். கல் எறிவார்கள். சிமியோனிடம் போகும் மாணவர்களுக்குச் சிம் என்று பட்டப்பெயர் வைத்தார்கள். அது ஏச்சுச் சொல்லாகவே ஆகிவிட்டது.

பேராசிரியர்களும் அவரிடம் முகம் கொடுக்கவில்லை. சொந்தக் கல்லூரியைச் சேர்ந்த ஒருவர் புல்வெளியில் கால் மணி நேரம் கூட நடந்துவந்தாராம். அதுவே சிமியோனுக்கு ஆச்சரியமாக இருந்ததாம்! அவ்வளவு ஒதுக்கி வைத்திருந்தார்கள்.

ஒருநாள் மனம் உடைந்துபோய், சிறிய பைபிளைக் கையில் பிடித்துக்கொண்டு தனியே நடந்தார். ஆறுதலாக ஒரு வார்த்தை கிடைக்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டு புத்தகத்தைத் திறந்தார். இயேசுவின் சிலுவையைச் சுமக்கும்படி சீமோன் என்ற மனிதனைப் பிடித்துக் கட்டாயப்படுத்திய இடம் வந்தது. சீமோன், சிமியோன் இரண்டும் ஒரே பெயர்தான். தன்மேலும் சிலுவையை வைத்திருக்கிறார்கள், அது அவமானம் அல்ல, பெருமை என்று அவர் எடுத்துக்கொண்டார். அதன்பிறகு ஊரைவிட்டுப் போகும் எண்ணம் அவரை அசைக்கவில்லை.

பொறுமை என்றால் பயம் அல்ல. எல்லை மீறிய ஒரு மாணவனை, ஆலயத்தில் எல்லோருக்கும் முன்பாக மன்னிப்புக் கடிதம் படிக்க வைத்தார். கலாட்டா குறைந்தது.

பாதி விலைக்கு ரொட்டி

1788-ம் ஆண்டு உணவுப்பொருள் விலை ஏறியது. கேம்பிரிட்ஜைச் சுற்றியுள்ள கிராமங்களில் ஏழைகள் தவித்தார்கள். சிமியோன் பணம் திரட்டினார். தானும் தாராளமாகக் கொடுத்தார். 24 கிராமங்களில் ரொட்டி பாதி விலைக்குக் கிடைக்க ஏற்பாடு செய்தார். ரொட்டிக்கடைக்காரர்கள் ஒழுங்காகக் கொடுக்கிறார்களா என்று வாரந்தோறும் குதிரையில் ஏறிப்போய்ப் பார்த்தார்.

பித்தன் என்று ஏசியவர்கள் யோசிக்கத் தொடங்கினார்கள்.

பச்சைப் பழம்

சிமியோனிடம் குறை இல்லையா? இருந்தது. முன்கோபமும் படாடோபமும் எளிதில் போகவில்லை.

யெல்லிங் என்ற கிராமத்தில் ஹென்றி வென் என்ற முதிய போதகர் இருந்தார். சிமியோன் அவரைத் தந்தைபோல் மதித்து அடிக்கடி போய்வருவார். ஒருமுறை அவர் விடைபெற்றுப் போனபிறகு, வென்னின் பெண்கள் அவருடைய நடையுடையைக் கேலி செய்தார்கள். கிழவர் அவர்களைத் தோட்டத்துக்கு அழைத்துப் போனார். ஒரு பீச் பழம் பறித்து வரச் சொன்னார். அது பழுக்கும் பருவம் அல்ல. பெண்கள் பச்சைக் காயோடு திரும்பினார்கள். இப்போது இது காய்தான். கொஞ்சம் வெயிலும் கொஞ்சம் மழையும் பட்டால் இனிக்கும். சிமியோனும் அப்படித்தான் என்று கிழவர் விளக்கினார்.

சிமியோன் தன்னைத் தானே தண்டித்துக்கொள்ளவும் தெரிந்தவர். விடியற்காலை 4 மணிக்கு எழுந்து ஜெபம் செய்யவேண்டும் என்பது அவர் வைத்துக்கொண்ட விதி. தூங்கிவிட்டால், அறை கூட்டும் வேலைக்காரிக்கு அரைக் கிரவுன் காசு அபராதம். ஒருநாள் குளிரில் படுத்தபடியே நினைத்தார். பாவம், ஏழைக் கிழவி, அந்தக் காசு அவளுக்கு உதவுமே என்று! மனம் செய்யும் தந்திரம் இது என்று உடனே புரிந்துகொண்டார். அபராதத்தை மாற்றினார். இனித் தூங்கினால், ஒரு கினி தங்க நாணயத்தை ஆற்றில் எறியவேண்டும். ஒரே ஒருமுறை எறிந்தார். பிறகு அந்தத் தவறு நேரவில்லை.

அக்டோபர் முதல் ஜூன் வரை

கேம்பிரிட்ஜில் படிப்பு வருஷம் அக்டோபரில் தொடங்கும். கிறிஸ்துமசுக்கும் ஈஸ்டருக்கும் விடுமுறை. ஜூனில் முடியும். ஒவ்வொரு அக்டோபரிலும் புதிய முகங்கள் வரும். சில வருஷத்தில் படிப்பு முடித்துப் போய்விடும். நட்டு வளர்த்ததும் பிடுங்கிப் போகும் நாற்றங்கால் போன்றது கல்லூரி. நாற்று போகிறதே என்று உழவன் அழுவதில்லை. சிமியோனும் அப்படியே எண்ணினார்.

மாணவர்களில் பலர் போதகர் ஆகப் போகிறவர்கள். பல்கலைக்கழகம் பட்டம் கொடுத்தது. எப்படிப் பிரசங்கம் செய்வது என்று சொல்லிக் கொடுக்கவில்லை. அந்தக் குறையைச் சிமியோன் நீக்கினார். 1790-ஐ ஒட்டித் தன் அறையிலேயே பிரசங்க வகுப்பு தொடங்கினார். ஒரு வேதவசனத்தைக் கொடுப்பார். மாணவர்கள் குறிப்பு எழுதி வருவார்கள். அதைத் திருத்துவார். எளிமையாகப் பேசு, இயல்பான குரலில் பேசு, கேட்பவனுக்குப் புரியும்படி பேசு என்பது அவர் பாடம்.

1812-ஐ ஒட்டி வெள்ளிக்கிழமைத் தேநீர்க் கூட்டம் தொடங்கியது. மாலை 6 மணிக்கு அறைக்கதவு திறக்கும். யாரும் வரலாம். வருகிறவர்களைக் கைகுலுக்கி வரவேற்பார். புதியவர் என்றால் பெயரைக் கேட்டுச் சட்டைப்பைக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்வார். கணப்புக்குப் பக்கத்தில் உயரமான நாற்காலியில் அமர்வார். பணியாட்கள் தேநீர் கொடுப்பார்கள். மாணவர்கள் கேள்வி கேட்கலாம். வேதத்தில் சந்தேகமா, வீட்டில் தொல்லையா, எதையும் கேட்கலாம். 7 மணிக்குக் கூட்டம் முடியும். அறுபது பேருக்குமேல் நெருக்கி உட்கார்ந்தது உண்டு.

படிப்பை விட்டுவிட்டு ஜெபம் செய்தால் போதும் என்று அவர் சொன்னதே இல்லை. மாணவனுக்குப் பாடமே முதல் கடமை என்பார். ஜனவரியில் பட்டப் பரீட்சை. பக்தியுள்ள பையன் பரீட்சையில் தோற்றால், பழி பக்தியின்மேல் விழும் என்று எச்சரிப்பார்.

இந்த வேலைக்காக அவர் கல்யாணமும் செய்துகொள்ளவில்லை. கல்லூரி ஆசிரியப் பதவியில் இருப்பவர் மணமாகாதவராக இருக்கவேண்டும் என்பது அந்நாள் விதி. மணந்தால் அறை போகும். அறை போனால் மாணவர்கள் எங்கே வருவார்கள்?

இந்தியாவுக்கு வந்த நாற்றுகள்

சிமியோனிடம் பழகிய மாணவர்களில் ஒருவர் ஹென்றி மார்ட்டின். 1801-ல் கணிதப் பரீட்சையில் பல்கலைக்கழகத்திலேயே முதல்வராக வந்தவர். வக்கீல் ஆக நினைத்தவர், சிமியோனின் உதவிப் போதகர் ஆனார். 1805-ல் இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார். புதிய ஏற்பாட்டை உருது மொழியிலும் பாரசீக மொழியிலும் மொழிபெயர்த்தார். 1812-ல், ஊர் திரும்பும் வழியில், துருக்கி நாட்டில் இறந்தார். வயது 31. அவருடைய படத்தைச் சிமியோன் கணப்புக்கு மேலே மாட்டி வைத்திருந்தார்.

1813-க்கு முன், மிஷனரிகள் இந்தியாவுக்கு வருவதைக் கிழக்கிந்தியக் கம்பெனி விரும்பவில்லை. ஆனால் கம்பெனியின் ஆங்கிலேயர்களுக்குப் போதகர்கள் தேவைப்பட்டார்கள். அந்த வேலைக்குச் சிமியோன் தன் மாணவர்களைத் தேடி அனுப்பினார்.

அப்படி வந்தவர்களில் டேனியல் காரியைத் தமிழ்நாடு அறியும். 1806-ல் கல்கத்தா வந்தவர், 1835-ல் சென்னையின் முதல் பிஷப் ஆனார். 1837-ல் சென்னையிலேயே காலமானார். அவர் பெயரைத் தாங்கிய பள்ளிக்கூடம் சென்னையில் இருக்கிறது. கேம்பிரிட்ஜ் அறையில் வளர்ந்த நாற்று நம் ஊர் வரை வந்தது!

மணி ஒலித்த நேரம்

1807-ல் சிமியோனின் குரல் கெட்டது. பிரசங்கம் முடிந்தால் அன்று முழுவதும் ரகசியம்போல்தான் பேச முடியும். 13 வருஷம் இப்படி இருந்தார். 60 வயதானால் ஓய்வு பெறலாம் என்று எண்ணியிருந்தார். அந்த வயதை நெருங்கும்போது குரல் திரும்பியது! ஓய்வை மறந்தார். மேலும் 17 வருஷம் உழைத்தார். பிரசங்கக் குறிப்புகளை 21 பாகங்களாக வெளியிட்டார்.

1836-ம் ஆண்டு நவம்பர் மாதம் பல்கலைக்கழக ஆலயத்தில் அவர் பேசுவதாக ஏற்பாடு. செப்டம்பரிலேயே குளிர் பிடித்துப் படுத்துவிட்டார். நவம்பர் 13, ஞாயிற்றுக்கிழமை. ஆலய மணி பிரசங்கத்துக்கு அழைத்து ஒலித்துக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் அவர் உயிர் பிரிந்தது. வயது 77.

நவம்பர் 19, சனிக்கிழமை, சந்தை நாள். அன்றுதான் கடைகள் மூடின, பாடங்கள் நின்றன. கிங்ஸ் கல்லூரியின் பெரிய ஆலயம் நிரம்பியது. ஒரு காலத்தில் எந்த ஊரும் எந்தப் பல்கலைக்கழகமும் அவரை ஒதுக்கினவோ, அவையே அவரைச் சுமந்து வந்தன.

கேம்பிரிட்ஜ் கல்லூரிகளின் கிறிஸ்தவ மாணவர்கள் 1877-ல் ஒரு சங்கம் அமைத்தார்கள். அதைப் பின்பற்றி மற்றப் பல்கலைக்கழகங்களிலும் மாணவர் சங்கங்கள் தோன்றின. ஆனால் சிமியோன் எந்தச் சங்கமும் அமைத்துவிட்டுப் போகவில்லை. வாரம் ஒருநாள் கதவைத் திறந்து வைத்தார். தேநீர் கொடுத்தார். வந்தவன் பெயரை எழுதிக்கொண்டார். அடுத்த அக்டோபரிலும் அதே அறையில் இருந்தார்.

அவர் கல்லறைமேல் நீண்ட புகழுரை இல்லை. தரையில் ஒரு கல். அதில் அவர் பெயரின் முதல் எழுத்துகள் இரண்டு. அதோடு 1836 என்ற ஆண்டு. அவ்வளவுதான்.