எளிமையின் அளவுகோல்

நுழையும்முன்

வாக்கியத்தின் நீளத்தையும் சொல்லின் நீளத்தையும் எண்ணி, ஒரு நூல் படிக்க எளியதா, கடினமானதா எனக் கணிக்கும் வாய்பாடுகள் இன்று பல உள்ளன. அவை தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்பே, படிப்பவரை மனத்தில் இருத்தி உரைநடை எழுதியவர் ஆறுமுக நாவலர். அவருடைய வாழ்வு அவ்வாய்பாடுகளின் எல்லையை நமக்கு உணர்த்துகிறது.

ஆசிரியரும் அச்சகமும்

யாழ்ப்பாணத்து நல்லூரில் 1822ஆம் ஆண்டு கந்தர், சிவகாமி இணையருக்கு மகனாகப் பிறந்தார் ஆறுமுகம். தமிழை மரபுவழி ஆசிரியர்களிடமும், ஆங்கிலத்தை மெதடிஸ்த பள்ளியிலும் கற்றார். பின்னர் அப்பள்ளியிலேயே ஆசிரியரானார். பீட்டர் பெர்சிவல் பாதிரியாரின் விவிலிய மொழிபெயர்ப்புப் பணிக்கும் துணைநின்றார். 1848ஆம் ஆண்டு வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். மாணவர்க்கு ஏற்ற அச்சு நூல்கள் அந்நாளில் அரியனவாக இருந்தன. எனவே, மறு ஆண்டு தமிழகம் வந்து அச்சியந்திரம் வாங்கிச் சென்றார். அப்பயணத்தில்தான் திருவாவடுதுறை ஆதீனம் அவருக்கு 'நாவலர்' என்னும் பட்டத்தை வழங்கியது. பின்னர் மாணவர்க்கெனப் பாலபாடங்களைப் படிப்படியாக எழுதி வெளியிட்டார்.

திருக்கோவலூர் மன்னர்

சேக்கிழாரின் பெரியபுராணத்தை உரைநடையாக்கி 1852ஆம் ஆண்டு வெளியிட்டார் நாவலர். கற்றவரும் கல்லாதவரும், பெரியவரும் சிறியவரும் எளிதில் படித்துணர வேண்டும் என்பதே அவர் நோக்கம். அதற்காகச் சொற்களைப் பெரும்பாலும் சந்தி பிரித்து எழுதினார், நிறுத்தற்குறிகளையும் பயன்படுத்தினார்.

அந்நூலில் இடம்பெறும் அடியார்களுள் ஒருவர், இன்றைய கள்ளக்குறிச்சி மாவட்டத்துத் திருக்கோவிலூரை ஆண்ட மெய்ப்பொருள் நாயனார். சுவடிக்கட்டில் கத்தியை மறைத்து, அடியார் வேடத்தில் வந்த பகைவன் அவரைக் குத்தினான். காவலன் தத்தன் வாளை ஓங்கினான். மன்னரோ அவனைத் தடுத்து, பகைவனைத் தீங்கின்றி ஊர் எல்லைக்கு அப்பால் விட்டுவரப் பணித்தார்; பணி முடிந்ததெனத் தத்தன் வந்து கூறும்வரை உயிர் தாங்கியிருந்தார்.

எண்ணிக்கை காணாதவை

1948ஆம் ஆண்டு ருடால்ஃப் பிளெஷ் என்பவர் ஆங்கில உரைநடைக்கு ஒரு வாய்பாடு வகுத்தார். வாக்கியத்திற்கு எத்தனை சொற்கள், சொல்லுக்கு எத்தனை அசைகள் என்பனவே அதன் அடிப்படை. ஆங்கிலம் நான்கு சொற்களில் கூறுவதைத் தமிழ், 'வரமாட்டார்கள்' என்னும் ஒரே சொல்லில் அடக்கும். ஆகவே, அவ்வாய்பாட்டை அப்படியே பொருத்தினால் தமிழ் முழுவதும் கடினம் என்றே விடை வரும்.

மொழிக்கேற்ப வாய்பாட்டைத் திருத்தினாலும் குறை தீராது. 'மன்னர் பகைவரைக் காத்தார்', 'பகைவர் மன்னரைக் காத்தார்' என்னும் இரண்டிற்கும் எண்ணிக்கை ஒன்றே. பொருளோ தலைகீழ்! மெய்ப்பொருளாரின் வரலாறு எதில் சிதைகிறது என்பதை எண்ணிக்கை அறியாது.

படிப்பவர் யார் என்பதையும் அது அறியாது. கல்வராயன் மலைச் சிற்றூரில் வளரும் மாணவிக்கு, 'மரவள்ளிக்கிழங்கு' பத்து எழுத்தானாலும் கண்முன் விளையும் பயிர். நாயைக் குறிக்கும் 'ஞமலி' மூன்றே எழுத்தானாலும் அவளுக்குப் புதிய சொல். சிறிய சொற்களால் ஆனது என்பதற்காக ஒரு பாடத்தை எளியது என அவள் கையில் கொடுத்துவிட்டு, விளங்காதபோது அவளுக்கே அறிவு போதாது என முடிவுகட்டுவது எவ்வளவு பெரிய அநீதி!

நாவலரின் வாக்கியங்கள் பல நீண்டவை. எனினும் வினையெச்சங்கள் நிகழ்ச்சி வரிசையில் அமைவதால், அவற்றில் பொருள் தடையின்றி நடக்கும். அவர் கையாண்ட வடசொற்கள் பல இன்றைய மாணவர்க்கு விளங்குவதில்லை என்பதும் உண்மையே. நூல் மாறவில்லை, படிப்பவர் மாறிவிட்டார். வாய்பாடோ அன்றும் இன்றும் ஒரே மதிப்பெண்ணையே தரும். வாக்கியம் மிக நீண்டுவிட்டது என எச்சரிக்க அது உதவலாம். தீர்ப்புக் கூற உதவாது.

நிறைவு

1864ஆம் ஆண்டு சிதம்பரத்திலும் பள்ளி நிறுவிய நாவலர், யாழ்ப்பாணத்தில் பஞ்சம் வந்தபோது கஞ்சித்தொட்டி அமைத்துப் பசி தீர்த்தார். 1879ஆம் ஆண்டு மறைந்தார். பாடநூல் எழுதிய அவரே வகுப்பில் நின்று பாடமும் சொன்னார். எழுதியது விளங்கிற்றா என்பதை அவர் மாணவரின் முகத்தில் கண்டிருக்க முடியும். எளிமையை அளக்க அதனினும் நல்ல அளவுகோல் இல்லை.