கதையும் கீர்த்தனையும் கற்ற முன்சீப்

திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரில் 1826இல் பிறந்த வேதநாயகம் பிள்ளை முதலில் கவிஞராகவே அறியப்பெற்றார். 1859இல் அவருடைய நீதிநூல் வெளிவந்தது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அவர்மீது குளத்தூர்க் கோவை பாடினார். செய்யுளில் இத்துணைச் சிறப்புற்றவர் உரைநடையை நாடியதற்குக் காரணம், தமிழில் உரைநடை நூல்கள் அருகியிருந்த குறையே.

புதினத்துக்குத் தமிழில் முன்மாதிரி இல்லை. ஆங்கிலக் கல்வி ஒரு வழி காட்டியது. நீதிமன்றம் மற்றொரு வழி காட்டியது. மொழிபெயர்ப்பாளராய்ப் பணிபுரிந்து, பின்னர்த் தரங்கம்பாடி, சீர்காழி, மாயூரம் ஆகிய ஊர்களில் முன்சீபாய் அமர்ந்தவர், ஆங்கிலத் தீர்ப்புகளைத் தமிழாக்கி வெளியிட்டார். சிக்கலான வழக்கையும் எளியோர்க்கு விளங்க உரைக்கும் அப்பயிற்சியின் தெளிவை, 1879இல் வெளியான பிரதாப முதலியார் சரித்திரத்தில் காணலாம். கிளைக்கதையும் நகைச்சுவையும் மலிந்த அந்நூலில், அறிவிற் சிறந்த ஞானாம்பாளைப் படைத்துப் பெண்கல்விக்கு வாதாடினார்.

இசைக்குத் துணையாய் வாய்த்தது மாயூரத்து நட்பு. நந்தனார் சரித்திரக் கீர்த்தனை தந்த கோபாலகிருஷ்ண பாரதியார் அவருக்கு நண்பர். பல்லவி, அனுபல்லவி, சரணம் என்னும் அமைப்பைக் கைக்கொண்டு, கத்தோலிக்கரான வேதநாயகர் எச்சமயத்தாரும் பாடத்தக்க சர்வ சமய சமரசக் கீர்த்தனைகளை இயற்றினார். 1876 முதல் 1878 வரை நாட்டை வாட்டிய பெரும்பஞ்சத்தில் பசித்தோர்க்குக் கஞ்சி வார்த்தார். அத்துயரும் அவர்தம் கீர்த்தனைகளில் ஏறியது.

1887இல் சுகுண சுந்தரி என்னும் இரண்டாம் புதினம் வெளிவந்தது. 1889இல் அவர் மறைந்தார். செய்யுளில் பெற்ற புகழோடு அமைந்திருப்பின், தமிழ்ப் புதினம் இன்னும் சில காலம் காத்திருந்திருக்கும்.