தந்தை அளித்த செல்வம்

கல்கத்தாவின் ஜோராசாங்கோ மாளிகையில் செல்வம், கல்வி, கலை மூன்றும் நிறைந்திருந்தன. 1861-ஆம் ஆண்டு மே 7-ஆம் நாள், மகரிஷி தேவேந்திரநாத தாகூருக்கும் சாரதா தேவியாருக்கும் மகனாக அங்கே பிறந்தார் ரவீந்திரநாதர். மாளிகை பெரிது, ஆனால் அச்சிறுவனின் உலகமோ மிகச் சிறிது. தந்தையார் பெரும்பாலும் யாத்திரையில் இருந்தார். பிள்ளைகள் பணியாட்களின் பொறுப்பில் வளர்ந்தனர். பணியாள் ஒருவர் சிறுவனை ஓரிடத்தில் அமர்த்திச் சுற்றிலும் சுண்ணக்கட்டியால் வட்டம் வரைந்துவிட்டுச் சென்றுவிடுவார். கோட்டைத் தாண்டிய சீதாபிராட்டிக்கு நேர்ந்த துன்பத்தை அறிந்திருந்த சிறுவன், சாளரத்தின் வழியே தெரிந்த குளத்தையும் ஆலமரத்தையும் பார்த்தவாறே பொழுதைக் கழிப்பான்.

பள்ளிகள் மாறின, எதிலும் அவனுடைய மனம் ஒன்றவில்லை. வீட்டிலோ அண்ணன் ஹேமேந்திரநாதரின் மேற்பார்வையில் விடியலுக்கு முன்பே மல்யுத்தப் பயிற்சி, பின்னர் கணிதம், அறிவியல், ஓவியம், இரவில் ஆங்கிலம் என்று பாடங்கள் வரிசையாகக் காத்திருந்தன. அனைத்தையும் முதலில் தாய்மொழியில் கற்க வேண்டும் என்ற அண்ணனின் உறுதி, பிற்காலக் கவிஞருக்குப் பெரும் பயன் அளித்தது. எனினும் இரவு விளக்கின் முன் சிறுவனின் கண்கள் தாமே மூடிக்கொள்ளும். வீட்டிலேயே கற்பிப்பதனால் மட்டும் கல்வி இனிமையாகிவிடாது என்பதை அவ்விளம் வயதிலேயே அவன் உணர்ந்தான்.

இமயத்தில் ஒரு குருகுலம்

1873-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் உபநயனம் நடைபெற்றது. மழித்த தலையுடன் பள்ளிக்குச் சென்றால் ஏளனம் செய்வார்களே என்று சிறுவன் கலங்கினான். அவ்வேளையில் தந்தையார் அழைத்து, தம்முடன் இமயமலைக்கு வர விருப்பமா என்று வினவினார். பதினொரு வயது மகனின் மகிழ்ச்சிக்கு எல்லை இல்லை.

முதலில் போல்பூர் அருகிலிருந்த சாந்திநிகேதனத்தில் தங்கினர். தியானத்திற்கென்று தேவேந்திரநாதர் 1863-இல் பெற்றிருந்த தனிமையான நிலம் அது. அங்கே மகன் மனம்போல் திரிய அனுமதி கிடைத்தது. மழைநீர் அரித்த செம்மண் பள்ளங்களில் அவன் பொறுக்கி வந்த கூழாங்கற்களைத் தந்தையார் அற்பமாகக் கருதவில்லை. அவற்றைக் கொண்டு ஒரு மண்மேட்டை அழகுபடுத்தும்படி ஊக்கினார். செலவுக்கான பணத்தைக் கொடுத்துக் கணக்கு ஒப்புவிக்கச் செய்தார். தமது விலையுயர்ந்த பொற்கடிகாரத்திற்குச் சாவி கொடுக்கும் பொறுப்பையும் ஒப்படைத்தார். ஆர்வ மிகுதியால் சிறுவன் அளவுக்கு மீறிச் சாவி கொடுக்க, கடிகாரம் பழுதுபார்க்கக் கல்கத்தாவுக்குப் போக நேர்ந்தது. பொறுப்புணர்வு வளர்வதற்காக அந்த இழப்பையும் ஏற்கத் தந்தையார் சித்தமாக இருந்தார். தமக்கு உகந்த கீதைச் சுலோகங்களை வங்கமொழிபெயர்ப்புடன் எழுதித் தருமாறும் மகனைப் பணித்தார்.

பின்னர் அமிர்தசரஸ். பொற்கோயிலில் சீக்கியர்களின் பக்திப் பாடல்களில் தந்தையார் தாமும் கலந்துகொள்வதைச் சிறுவன் கண்டான். அங்கிருந்து டல்ஹவுசி மலைக்கு ஏறினர். விடியுமுன் கடுங்குளிரில் எழுந்து சமஸ்கிருத இலக்கணம், பிறகு தந்தையாரின் உபாசனை, உலாவுதல், ஆங்கிலப் பாடம், பனிபோல் குளிர்ந்த நீரில் நீராடல். இரவில் திறந்த வானின் கீழ் விண்மீன்களைப் பற்றிய பாடம். வேலைகள் கடுமையானவையே. ஆனால் பாடத்தின் நடுவே மகன் உறங்கி விழுந்தால் புத்தகம் மூடப்படும். இரும்புப் பூண் பொருத்திய கோலை ஊன்றிக்கொண்டு அவன் தனியே மலைச்சரிவுகளில் அலைந்தபோதும் தந்தையார் தடுக்கவில்லை. அச்சத்தைக் காட்டிப் பிள்ளையை நல்வழிப்படுத்தலாம் என்று அவர் எண்ணவில்லை. சில மாதங்களே நீடித்த இவ்வாழ்க்கை ரவீந்திரநாதரின் உள்ளத்தில் என்றும் அழியாத இடத்தைப் பெற்றது.

பத்மா நதிக்கரை இல்லம்

1883-இல் ரவீந்திரநாதர் மிருணாளினி தேவியாரை மணந்தார். ஐந்து குழந்தைகள் பிறந்தனர். தாம் பட்ட துன்பம் தம் பிள்ளைகளுக்கு வேண்டாம் என்று கருதிய அவர், 1898-இல் நகரத்தின் ஆரவாரத்தை விட்டுக் குடும்பத்துடன் ஷிலாய்தாவில் குடியேறினார். தற்போது வங்கதேசத்தில் உள்ள அவ்வூர், பத்மா நதியை ஒட்டியது.

ஆங்கிலத்திற்கு லாரன்ஸ் என்ற ஆங்கிலேயர், கணிதத்திற்கும் அறிவியலுக்கும் ஜகதானந்த ராய், சமஸ்கிருதத்திற்கு ஒரு பண்டிதர் என ஆசிரியர்கள் அமைந்தனர். வங்க இலக்கியத்தைத் தந்தையே கற்பித்தார். தாயார் இராமாயணக் கதையைச் சொன்னார். விஞ்ஞானி ஜகதீச சந்திர போஸ் விருந்தினராக வரும்போது, மூத்த மகன் ரதீந்திரநாதன் அவருடன் மணல்திட்டுகளில் ஆமை முட்டைகளைத் தேடித் திரிவான். நதியும் வயலும் பாடநூல்களாயின. எளிய உணவு, எளிய உடை, பெற்றோரின் இடையறாத அருகாமை: இவையே அவ்வில்லத்தின் முறை.

ஆசிரமமாக விரிந்த இல்லம்

தம் பிள்ளைகளுக்குக் கிடைத்தது பிறர் பிள்ளைகளுக்கும் கிடைக்க வேண்டாமா என்ற எண்ணம் வலுத்தது. 1901-ஆம் ஆண்டு டிசம்பர் 22-ஆம் நாள், தந்தையாரின் ஆசியுடன், சாந்திநிகேதனத்தில் பிரம்மசரிய ஆசிரமம் தொடங்கப்பெற்றது. மாணவர்கள் ஐவர், அவர்களுள் ரதீந்திரநாதனும் ஒருவன். மர நிழலே வகுப்பறை. பணம் போதாதபோது மிருணாளினி தேவியார் தம் நகைகளைத் தந்தார். ஆசிரமச் சிறுவர்களுக்குத் தாயாகவும் இருந்தார்.

இவ்விடத்தில் ஓர் உண்மையை மறைத்தல் தகாது. பிள்ளைகளின் வளர்ச்சியை அவசரப்படுத்தலாகாது என்ற கொள்கையுடையவர், அதே 1901-ஆம் ஆண்டில் மகள்கள் மாதுரிலதாவுக்கும் ரேணுகாவுக்கும் திருமணம் செய்துவைத்தார். ரேணுகாவுக்கு அப்போது பத்து வயதே நிறைந்திருந்தது. காலத்தின் வழக்கம் அவ்வளவு வலியதாக இருந்தது. மகன்களுக்கு நேர்ந்த விடுதலை மகள்களுக்கு முழுமையாகக் கிட்டவில்லை. பெரியோரின் வாழ்வைப் படிக்கும்போது, அவர்கள் எட்டிய உயரத்தோடு எட்டாமல் நின்ற இடத்தையும் அறிவதே நமக்கு நன்மை பயக்கும்.

சோதனைகள் தொடர்ந்தன. 1902 நவம்பரில், முப்பது வயதும் நிறையாத மிருணாளினி தேவியார் மறைந்தார். அடுத்த ஆண்டு ரேணுகா காசநோயுற்றாள். ஆசிரமப் பணிகளுக்கு நடுவே தந்தையார் அவளை அல்மோராவுக்கு அழைத்துச் சென்று அருகிலிருந்து பேணினார். தாயற்ற தம் குழந்தைகளுக்காக அக்காலத்தில் அவர் எழுதிய கவிதைகள் ‘சிசு’ என்ற நூலில் இடம்பெற்றன. நோய் தீரவில்லை. இறுதி நேரத்தில் அவள் தந்தையிடம் வேண்டியது, இறைவனைத் தந்தையே என்று விளிக்கும் வேத மந்திரத்தை ஓதும்படி. இல்லத்தின் அன்றாடப் பிரார்த்தனை, மரண வேளையில் அக்குழந்தைக்குத் துணையாயிற்று.

1907-இல் இளைய மகன் சமீந்திரநாதன் சாந்திநிகேதனத்தில் பருவகால விழா ஒன்றைத் தொடங்கிவைத்தான். அவ்வாண்டு நவம்பரிலேயே காலரா அவனைக் கொண்டுசென்றது. பதினோராவது வயதுகூட நிறையவில்லை. ஆயினும் ரவீந்திரநாதர் ஆசிரமத்தைக் கைவிடவில்லை. சொந்தப் பிள்ளைகளுக்கென்று பெருகிய அன்பு அங்கிருந்த பிள்ளைகள் அனைவரையும் நோக்கித் திரும்பியது. 1913-இல் நோபல் பரிசு கிடைத்தது. 1921-இல் அச்சிறு ஆசிரமம் விசுவபாரதியாக விரிந்தது. 1941 ஆகஸ்ட் 7-ஆம் நாள், பிறந்த மாளிகையிலேயே அவர் உடலை நீத்தார். ஷிலாய்தாவில் கற்ற ரதீந்திரநாதன், அமெரிக்காவில் வேளாண்மை பயின்று திரும்பித் தந்தையின் பணியில் துணை நின்றார். 1951-இல் விசுவபாரதி மத்தியப் பல்கலைக்கழகமானபோது அதன் முதல் துணைவேந்தராகவும் பொறுப்பேற்றார்.

பிள்ளைகளுக்கு வீட்டிலேயே கல்வி அளிக்க விழையும் பெற்றோர், எந்த நூலைக் கற்பிப்பது, எத்தனை மணி நேரம் கற்பிப்பது என்றே முதலில் கவலை கொள்கின்றனர். ஜோராசாங்கோ இல்லத்தில் நூல்களும் ஆசிரியர்களும் நிறைந்தே இருந்தனர். ஆயினும் சிறுவன் மலரவில்லை. இமயத்தில் அவனுக்குப் புதிதாகக் கிடைத்தவை இரண்டே: தந்தையின் நேரம், தந்தையின் நம்பிக்கை. அவ்விரண்டையும் அவர் தம் பிள்ளைகளுக்கும், பின்னர் ஊரார் பிள்ளைகளுக்கும் வாழ்நாள் முழுதும் வழங்கினார். பெரும் பொருள் இல்லாத இல்லத்திலும் வழங்கத்தக்க செல்வங்கள் இவை. பொற்கடிகாரம் பழுதாகலாம் என்று அறிந்தும் அதைப் பிள்ளையின் கையில் ஒப்படைக்கும் துணிவே அதற்குத் தேவை.